ஜார்ஜ் டவுனில் எங்கே என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வரப்போவதாகச் சொல்லும் உறவினர்களும் நண்பர்களும், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலையும் கையோடு அனுப்பிவிடுகிறார்கள். பட்டியலில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் ஊர் திரும்பும்போது அவர்களில் பாதிப் பேர், போன கடையெல்லாம் மூடிக் கிடந்தது, வெயில்தான் மிச்சம் என்று அலுத்துக்கொள்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மணிக்கு மணி கைமாறும் ஊர். காலையில் ஒருவர் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் போட்டுவிட்டுக் கடையைக் கட்டிய அதே தெருமுனையில், மாலையில் வேறொருவர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி மீ (நூடுல்ஸ்) பிரட்டத் தொடங்குவார். நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பள்ளிவாசலைச் சுற்றி நடக்கவும் இடமிருக்காது. வாரநாளில் வெறிச்சோடிக் கிடக்கும் மலை ரயில் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எனவே இந்த ஊரில் பிறந்து, இங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை நேர வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவின் வடகிழக்கு முனையில் இறங்கிய பிரான்சிஸ் லைட், லைட் தெரு, கடற்கரைத் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்கு தெருக்களை எல்லையாக வைத்து நகரை வகுத்தார். 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதி, இந்தச் சதுரத்தையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் கொண்டது. இதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தங்கும் இடத்தை இந்தப் பகுதிக்குள்ளேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது. பத்து பெரிங்கி கடற்கரையில் அறை எடுத்துவிட்டு, மலையோரச் சாலையில் தினமும் நகருக்கு வந்துபோகிறவர்கள் இந்த ஊரின் விடியற்காலையையும் இரவையும் இழந்துவிடுகிறார்கள். ஊரின் நல்ல பகுதி அந்த இரண்டு வேளைகளில்தான் இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து படகில் தீவுக்கு வருவது நல்லது. சுமார் நான்கு மணி நேர ரயில் பயணம். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். கார்களை ஏற்றிவந்த பழைய பெரிய படகுகள் ஓய்வுபெற்றுவிட்டன. 2023 முதல் ஓடும் புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. இறங்கும் இடமே பழைய நகரின் விளிம்பு என்பதால் வாடகை வண்டிக்கு அவசியமே இல்லை.

தெருப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ஜாலான் பினாங்கும் லெபோ பினாங்கும் வெவ்வேறு தெருக்கள் (மலாயில் ஜாலான் என்றால் சாலை, லெபோ என்றால் தெரு). சௌராஸ்தா சந்தையும் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் குளிர்பானக் கடைகளும் இருப்பது ஜாலான் பினாங்கின் பக்கம்; பூக்கடை, நகைக்கடை, புடவைக்கடை நிறைந்த லிட்டில் இந்தியா இருப்பது லெபோ பினாங்கில். இரண்டுக்கும் இடையே வெயிலில் நடப்பது சற்றுத் தூரம்தான். தவறான இடத்தில் இறங்கிவிட்டு அரைமணி நேரத்தைத் தொலைத்தவர்கள் பலர். பெயர்ப் பலகையில் மலாய்ப் பெயர் இருந்தாலும் ஊர்க்காரர்கள் வாயில் பழைய ஆங்கிலப் பெயர்களே வரும்: ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங் இன்னமும் பிட் தெருதான், லெபோ பந்தாய் இன்னமும் கடற்கரைத் தெருதான். கடற்கரைத் தெருவில் கடலைக் காணோமே என்று தேட வேண்டாம். அதற்குக் கிழக்கேயுள்ள நிலம் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து எடுத்தது.

காலையை ஏழு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். பசியாறலுக்குப் பலரும் தேடிப்போவது டிரான்ஸ்பர் சாலையோர ரொட்டி சானாய்க் கடைகளை. ரொட்டியைத் தட்டில் தனியாக வாங்கிக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடும் வழக்கத்தை அங்கே விட்டுவிட்டு, கிழித்த ரொட்டியின் மேல் கறிக் குழம்பை ஊற்றித் தரச் சொல்ல வேண்டும். கடைக்காரரை "போஸ்" என்று அழைத்தால் போதும்; தமிழ் முஸ்லிம் கடையில் "அண்ணே" என்றோ "பாய்" என்றோ அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். சீனர் கடையில் வயதானவர் என்றால் "அங்கிள்", "ஆன்டி". சீனக் கோப்பிக் கடைகளில் ஒரு நடைமுறை இருக்கிறது: கடையின் சொந்தக்காரர் விற்பது பானங்களை மட்டுமே, உணவு விற்கும் ஒட்டுக்கடைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளுக்குச் சொந்தம். ஆகவே உட்கார்ந்தவுடன் மேசைக்கு வந்து என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பவரிடம் ஏதாவது ஒரு பானம் சொல்வது மரியாதை. மேசை எண்ணைப் பார்த்துவைத்துக்கொண்டு, உணவை நீங்களே எழுந்துபோய் ஒவ்வொரு கடையிலும் சொல்ல வேண்டும். தட்டு வரும்போது அதற்குரிய பணத்தைச் சில்லறையாகக் கொடுத்துவிட வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வெட்கப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சார் கொய் தியா என்ற பிரட்டிய அரிசி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்வது சீனக் கடைகளின் பழைய வழக்கம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

பசியாறிய கையோடு, வெயில் ஏறுவதற்குள் பிட் தெருவை நடந்துவிட வேண்டும். ஆங்கிலிகன் திருச்சபையின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட அருள்மிகு மகாமாரியம்மன் கோயில், 1801-இல் நிறுவப்பட்ட கபித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் இந்த ஒரே தெருவின் ஓரத்தில், கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. மாரியம்மன் கோயிலின் பின்புறம்தான் பிட் தெருவைப் பார்த்திருக்கிறது, ராஜகோபுரத்தைக் காண வேண்டுமானால் சுற்றிக்கொண்டு குயீன் தெருவுக்குப் போக வேண்டும். பலர் பின்சுவரைப் பார்த்துவிட்டுக் கோயில் சாத்தியிருக்கிறது என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். பள்ளிவாசலுக்குள் தொழுகை இல்லாத நேரத்தில் எல்லோரையும் அனுமதிக்கிறார்கள். உடல் மறைக்கும் அங்கியை அவர்களே தருவார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, இங்கிருந்த தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் நிறுவிய பள்ளி அது. அங்கிருந்து சூலியா தெருவுக்குத் திரும்பினால், கிங் தெரு முனையில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில் கட்டப்பட்ட சிறிய தர்கா இருக்கிறது. நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் தங்கள் காவலரையும் கூடவே கொண்டுவந்து வைத்ததற்கு அந்தக் கட்டடமே சாட்சி. பச்சை வண்ணச் சுவரும் குட்டி மினாராக்களும் கொண்ட அதைக் கவனிக்காமலே எல்லோரும் கடந்துபோகிறார்கள்.

நடக்கும்போது கடைவீடுகளின் முன்பக்கத்தில் கூரையோடு தொடரும் ஐந்தடி நடைபாதையைப் பயன்படுத்துங்கள். வெயிலுக்கும் மழைக்கும் அது போட்டதுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலைத் தன் விருப்பப்படி உயர்த்தியும் தாழ்த்தியும் வைத்திருப்பதால், பத்து அடிக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்; நடுவில் மோட்டார் சைக்கிளோ பூந்தொட்டியோ மறித்துக்கொண்டிருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வந்தால் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு இந்த நடைபாதை உதவவே உதவாது.

இந்தக் கடைவீடுகள் இவ்வளவு காலம் இடிபடாமல் நின்றதற்கு ஒரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயர்த்தவோ குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவோ முடியாதிருந்ததால், கீழே தொழிலும் மேலே குடும்பமுமாகத் தலைமுறைகள் ஓடின. 2000-ஆம் ஆண்டு தொடங்கியபோது அந்தச் சட்டம் நீங்கியது, வாடகை ஏறியது, தச்சர், தகரக்காரர், ஊதுபத்தி உருட்டுபவர், மாலை கட்டுபவர் எனப் பலர் நகரின் புறத்தே உள்ள அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். பாரம்பரியத் தலமென்ற அறிவிப்பு வந்தபோது அந்தப் பாரம்பரியத்தைப் பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களில் பலர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள் என்பது எங்களுக்குள் இன்னும் ஆறாத வருத்தம். அதனால்தான் அழகான தேநீர் விடுதிகளுக்கு நடுவே ஒரு பழைய தொழிற்கடை கண்ணில் பட்டால் நின்று ஏதாவது வாங்கச் சொல்கிறேன். ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகும் குழந்தைகளின் ஓவியத்தோடு படமெடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பதில் தவறில்லை. லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் வரைந்தது நல்ல ஓவியம்தான். காலை எட்டு மணிக்குப் போனால் அங்கே வரிசையே இருக்காது.

மதிய உணவு என்றால் சோற்றோடு பலவகைக் குழம்புகள் சேரும் நாசி கண்டார்தான். தோளில் காவுதடியை வைத்து, ஒருபக்கம் சோற்றையும் மறுபக்கம் கறிச் சட்டிகளையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து பிறந்த உணவு இது. கேம்பெல் தெருவில் 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியா இன்றும் கூட்டத்தோடு இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. ஆகவே தமிழில் பேசினால் வேலை சுலபம்.

வரிசையில் உங்கள் முறை வரும்போது பரிமாறுபவர் முதலில் தட்டில் சோற்றைக் குவித்து உங்கள் முகத்தைப் பார்ப்பார். பொரித்த கோழியா, ஆட்டுக்கறியா, கணவாயா, மீனா என்பதை அந்த நொடியில் சொல்லிவிட வேண்டும்; பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை குறைவு. அடுத்து வெண்டைக்காயோ முட்டைக்கோஸோ ஒரு பிடி வரும். அதன் பிறகு அவர் கை நான்கைந்து சட்டிகளுக்குள் போய்வந்துகொண்டே இருக்கும்: மீன் குழம்பில் அரைக் கரண்டி, கோழிக் குழம்பில் கொஞ்சம், சோயா சேர்த்த கறுப்புக் குழம்பில் ஒரு கோடு, கடைசியில் பருப்பு. இந்தக் கலவைதான் ஒவ்வொரு கடையின் கைப்பக்குவம். "பஞ்சிர்" என்று சொன்னால் சோறு மிதக்கும் அளவுக்கு ஊற்றுவார். சோறு தெரிய வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத் தவிர்க்கவும். கோழியோடு நிறுத்திக்கொண்டால் செலவு நிதானமாக இருக்கும். பெரிய இறால், மீன் சினை, கணவாய் முட்டை, மீன்தலை ஆகியவற்றின் விலை கடைக்குக் கடை மாறும். தட்டை அளந்து பார்த்துக் கல்லாவில் சொல்லும் தொகை சில நேரம் திகைக்க வைக்கும். எனவே எடுப்பதற்கு முன்பே "இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்பதைக் கஞ்சத்தனமாக இங்கே யாரும் நினைப்பதில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் எடுக்கிறோம்.

பன்னிரண்டு முதல் நான்கு மணிவரை வெளியே அலைவது வீண். அந்த நேரத்தில் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். கூ குலத்தவரின் கொங்சி (குல மன்றம்) அதற்கு ஏற்றது: 1901-இல் எரிந்துபோனதை மீண்டும் எழுப்பி 1906-இல் முடித்தார்கள். உத்தரத்தின் மரச்செதுக்கல்களை அண்ணாந்து பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். சீனச் செல்வந்தர் சியோங் பட் சேயின் நீல மாளிகையை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. புத்தகப் பிரியர்கள் சௌராஸ்தா சந்தையின் மாடிக்குப் போய்ப் பழைய புத்தகக் கடைகளில் உட்கார்ந்துவிடலாம்.

நாலரைக்குப் பிறகு கடலோரச் சாலையான வெல்ட் கீ ஓரமுள்ள சீனக் குலத் துறைகளுக்குப் போகலாம். கடலுக்குள் ஊன்றிய கால்கள்மேல் பலகை பாவி, சியூ, லிம், தான், லீ என்று ஒவ்வொரு குலத்தாரும் தனித்தனியாக அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் இவை. சியூ துறையில் கடைகள் நிறைந்துவிட்டதால் கூட்டமும் அங்கேயே நிறைகிறது. அடுத்தடுத்த துறைகளில் அமைதி உண்டு. இவை காட்சிக்கு வைத்த இடங்கள் என்று எண்ணி, திறந்திருக்கும் கதவுக்குள் கைப்பேசியை நீட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. உள்ளே ஒரு பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார், அது அவருடைய கூடம்.

பினாங்கு மலைக்குத் தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள். அது வாரநாளாக இருக்கட்டும். 1923-இலிருந்து ஓடும் மலை ரயில் 2011-இல் புதுப்பிக்கப்பட்ட பிறகு, இடையில் வண்டி மாறாமல் சில நிமிடங்களில் மேலே கொண்டுபோய்விடுகிறது. நகரிலிருந்து 204-ஆம் எண் பேருந்து அடிவாரம் வரை போகிறது. மேலே அருளொளி திருமுருகன் கோயிலும் அதன் அருகிலேயே பள்ளிவாசலும் உண்டு. எட்டு மணிக்குள் ஏறியவர்களுக்குத் தீவும் இரு பாலங்களும் தெளிவாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். கால் வலுவுள்ளவர்கள் தாவரவியல் பூங்காவிலிருந்து செல்லும் ஜீப் பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தே ஏறலாம், இறங்கும்போது ரயிலில் வரலாம். குரங்குகளின் எதிரில் பையைத் திறக்காதீர்கள். இறங்கியதும் அடிவாரத்தை ஒட்டிய ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா என்ற நூடுல்ஸ். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிக்குழம்பு, புதினா, வெள்ளரி, காட்டு இஞ்சிப் பூ, மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் கூழ். வாசனைக்கு முகம் சுளிப்பவர்கள் இரண்டாவது வாய்க்குப் பிறகு சமாதானமாகிவிடுவதுதான் வழக்கம். மேலே தெரியும் கெக் லோக் சி பௌத்த ஆலயத்துக்குப் படியேறுவதைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ள வேண்டாம்.

தைப்பூசத்துக்கு வருவதென்றால் இதுவரை சொன்னதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட வேண்டும். அந்த மூன்று நாள்களுக்கு ஊருக்கு வேறு கால அட்டவணை. முதல்நாள் அதிகாலையில், நகரத்தார் 1894 முதல் இழுத்துவரும் வெள்ளி ரதம் லெபோ பினாங்கின் கோயில் வீட்டிலிருந்து புறப்படுகிறது. 2017-இலிருந்து குயீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலை ஏந்திய தங்க ரதமும் தனியாகக் கிளம்புகிறது. இரண்டும் தண்ணீர்மலை அடிவாரத்தைச் சேர ஒரு முழுப் பகலும் அதற்கு மேலும் ஆகும். வழியெங்கும் சீனக் குடும்பங்கள் லாரியில் கொண்டுவந்து குவித்த தேங்காய்கள் இடுப்பளவு உயரத்துக்குக் கிடக்கும். ரதம் நெருங்கியதும் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் எடுத்துத் தார்ச்சாலையில் ஓங்கி அடிப்பார்கள். ஓடுகள் முழங்கால் வரை தெறிக்கும், இளநீர் வாய்க்காலாக ஓடும், ரதம் நகரும் முன் சிறிய இயந்திர வாகனம் வந்து எல்லாவற்றையும் தள்ளி ஒதுக்கும். ஆகவே செருப்பில்லாமல் முன்வரிசையில் நிற்காதீர்கள். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னே நிற்பது நல்லது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் பூசத்தன்று பகலில் ஏறுவது காவடிக்காரர்களுக்கு விடப்பட வேண்டிய வேலை. தரிசனம் மட்டும் போதுமென்றால் பின்னிரவு இரண்டு மணியளவில் ஏறிவிடலாம். தண்ணீர்ப் பந்தல்களில் சாப்பாடும் மோரும் அலுக்காமல் தருவார்கள். அந்த வட்டாரத்தில் சாலைகள் அடைக்கப்பட்டிருக்கும் என்பதால் வாடகை வண்டியை நம்பாமல் நடக்கத் தயாராக இருங்கள். அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

மற்ற நாள்களின் இரவுகளுக்குச் சூலியா தெருவின் தள்ளுவண்டிகளும், பாடாங் கோத்தாவின் கடலோர அங்காடிகளும் போதும். இரண்டாவது இடத்தில் பசெம்போர் சாப்பிடுங்கள்: மாவில் பொரித்த இறால் வடை, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, வெள்ளரித் துருவல் எல்லாவற்றையும் நறுக்கி, வள்ளிக்கிழங்கு சேர்த்த இனிப்புக் காரக் குழம்பு ஊற்றித் தருவார்கள். துண்டுக்குத் துண்டு விலை என்பதால் இங்கேயும் மதியத்தில் சொன்ன அதே எச்சரிக்கை. எந்தக் கடை முதலிடம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் சண்டைதான் வரும். நல்ல கடைகள் வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ விடுமுறை விடுகின்றன, அந்த நாள் கடைக்குக் கடை வேறு. குறிப்பிட்ட ஒரு கடைக்காகவே வருகிறவர்கள் விடுமுறை நாளை உறுதிசெய்துகொண்டு பயணச்சீட்டு எடுப்பது நல்லது. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும். கடும் வாசனையுள்ள டுரியான் பழத்துக்காக வருகிறவர்கள் ஜூன், ஜூலையில் தீவின் மேற்கேயுள்ள பாலேக் பூலாவ் பக்கம் போக வேண்டும். விடுதிகள் அறைக்குள் அதை அனுமதிப்பதில்லை, வாங்கிய இடத்திலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

கடைசி நாளுக்கான வாங்கல்களில் ஊறவைத்த ஜாதிக்காயும், பயறு வைத்த தாவ் சார் பியா பிஸ்கட்டும் ஊருக்குக் கொண்டுபோகத் தாங்கும். பியா சூடாகக் கிடைப்பது காலையில்தான், நல்ல கடைகளில் மாலைக்குள் தீர்ந்துவிடும். விமான நிலையம் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில் இருக்கிறது. அதே சாலையில்தான் தொழிற்பேட்டைகளின் ஆட்கள் அனைவரும் ஐந்து மணிக்கு வெளியேறுகிறார்கள். இரவு ஏழு மணி விமானத்தில் போகிறவர்கள் நான்கு மணிக்கு முன்பே நகரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.